ஊருக்குள் ஓடும் நெடுஞ்சாலை

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர் சாலவாக்கம். மேற்கே வட்டத் தலைநகரான உத்திரமேரூர் உள்ளது. வடக்கே திருமுக்கூடலில் பாலாற்றைக் கடந்தால் வாலாஜாபாத் – செங்கல்பட்டுச் சாலை வரும். கிழக்கே செங்கல்பட்டும் ஜி.எஸ்.டி. சாலையும் உள்ளன. இந்தப் பகுதியின் குன்றுகளில் கல்குவாரிகளும் கல் உடைக்கும் கிரஷர்களும் இயங்குகின்றன. அங்கே உடைபடும் கருங்கல் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் டிப்பர் லாரிகளில் ஏறிச் சென்னைப் பக்கம் போகிறது. அந்த லாரிகள் ஊர்த் தெருக்களின் வழியாகத்தான் போகவேண்டும். பெருநகரத்தின் சாலைகளுக்குக் கல் கொடுக்கும் ஊர்கள், அந்தக் கல் போகும் வழியின் புழுதியையும் நெரிசலையும் விபத்துகளையும் சேர்த்தே தாங்குகின்றன.

ஊருக்குள் செல்லும் பெருஞ்சாலைக்கு வேலை இரண்டு. தொலைவிலிருந்து வருவோர் தடையின்றிக் கடந்து போக அது வழியாக வேண்டும். அதன் ஓரத்தில் குடியிருப்போர் வாசலில் நிற்கவும், எதிர்க்கடைக்குப் போகவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் அதுவே இடமாகவும் வேண்டும். வேகம் கூடினால் முதல் வேலை சிறக்கும். இரண்டாவதற்கு வேகம் குறைய வேண்டும். ஒரே நிலத்துண்டின் மேல் விழும் இந்த இரண்டு உரிமைகளையும் தமிழ்நாடு எப்படிக் கையாண்டு வந்தது என்பது நீண்ட வரலாறு.

பெருவழியும் தெருவும்

பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இவ்விரண்டையும் வெவ்வேறு பெயரால் குறித்தன. நாடு விட்டு நாடு செல்லும் வணிகச் சாலை ‘பெருவழி’ எனப்பட்டது. கொங்கப் பெருவழி, வடுகப் பெருவழி, தஞ்சாவூர்ப் பெருவழி என்று அது சென்று சேரும் இடத்தால் பெயர் பெற்றது. கோவைக்கு அருகில் இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள், நாவற்தாவளம் என்னும் ஊர் இன்னும் எத்தனை காதம் என்பதைச் சொல்கின்றன. அவற்றில் ஒன்று 29 காதம் என்பதை எழுத்தாலும் எண்ணாலும் குறித்ததோடு நிற்கவில்லை. பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று என்ற கணக்கில் குழிகளாகவும் வெட்டிக் காட்டியது. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரனும் கை வைத்துப் பார்த்துத் தொலைவை அறிந்துகொள்ளலாம்.

சாலவாக்கத்தின் அண்டை ஊரான உத்திரமேரூரில் நிலங்களின் எல்லையே வழிகளாலும் வாய்க்கால்களாலும் சொல்லப்பட்டது. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு என்று கல்வெட்டுகள் நிலத்தை அடையாளம் காட்டுகின்றன. ‘வதி’ என்பது பாதை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளால் புகழ்பெற்ற ஊர் இது. 30 குடும்புகளிலிருந்து ஓலை எடுத்து சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்கு ஆட்களைத் தேர்ந்தார்கள். சோழர் காலச் சபைகளின் வாரியங்களில் ‘தடிவழி வாரியம்’ என்ற ஒன்றும் பேசப்படுகிறது. வழிகளைக் கவனித்த வாரியம் என்று அதற்குப் பொருள் கொள்வர்.

இதை வைத்து அன்றைய ஊராட்சியைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. வாரியத்துக்கு வரச் சொந்த மனை வேண்டும், வரி செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும், வேதக் கல்வி வேண்டும், வயது 35 முதல் 70-க்குள் இருக்க வேண்டும். உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. ஆனாலும் ஊருக்குள் ஓடும் பாதை பற்றிய முடிவு ஊருக்குள்ளேயே எடுக்கப்பட்டது என்ற ஒன்று மட்டும் கவனத்துக்குரியது. பின்னால் மாறியது அதுதான்.

கோயில் நகரங்களில் வேறொரு ஏற்பாடு இருந்தது. காஞ்சிபுரத்து ராஜ வீதிகளும் மதுரையின் மாசி, சித்திரை, ஆவணி வீதிகளும் அகலமானவை. அந்த அகலம் தேருக்கும் ஊர்வலத்துக்கும் வேண்டியிருந்தது. ஆண்டில் சில நாள்கள் பேருருவான ஒரு வாகனம் போகும். மற்ற நாள்களில் வீதி குடியிருப்போருக்கும் வணிகருக்கும் உரியது. வீதியின் அகலத்தையும் முக்குகளின் திருப்பத்தையும் தீர்மானித்தது ஊரிலேயே மிக மெதுவாகச் செல்லும் வண்டி. இருபதாம் நூற்றாண்டுச் சாலைப் பொறியியல் இதற்கு நேர் எதிரான கணக்கில் தொடங்கியது.

சென்னையின் ‘ஹை ரோடு’கள்

சென்னையில் இன்று குடியிருப்பும் கடைவீதியுமாக இருக்கும் பல தெருக்களின் பெயரில் ‘ஹை ரோடு’ ஒட்டிக்கொண்டிருக்கிறது: பூந்தமல்லி ஹை ரோடு, நுங்கம்பாக்கம் ஹை ரோடு, ராயப்பேட்டை ஹை ரோடு, திருவல்லிக்கேணி ஹை ரோடு. அரசு ஏட்டில் பெயர் மாறியபிறகும் ஆட்டோக்காரரிடம் மக்கள் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். கோட்டையிலிருந்து வெளியூருக்கோ அடுத்த ஊருக்கோ போன பாதைகள் இவை. நுங்கம்பாக்கம், புரசைவாக்கம், கோடம்பாக்கம், வில்லிவாக்கம் எல்லாம் சாலவாக்கத்தைப் போலவே ‘பாக்கம்’, ‘வாக்கம்’ என முடியும் தொண்டை மண்டலத்துக் கிராமங்கள். நகரம் வளர்ந்து அவற்றை விழுங்கியபோது ஊர்களுக்கு நடுவே ஓடிய சாலை, வீடுகளுக்கு நடுவே ஓடும் சாலை ஆயிற்று. சாலவாக்கத்தில் இன்று நடப்பது புரசைவாக்கத்தில் முன்பே நடந்து முடிந்தது என்று கொள்ளலாம்.

சாலையோரத்தில் ஊர் பிறப்பதும் உண்டு. காஞ்சிபுரம் – சென்னை வழியில் உள்ள சுங்குவார்சத்திரத்தின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர் தங்கச் சத்திரம், அதற்கு அருகில் கிணறு, நிழல், வண்டி மாட்டுக்குத் தீனி, பிறகு கடை, பிறகு சந்தை. சாலை இல்லாவிட்டால் அந்த ஊரே இல்லை. ஆகவே நெடுஞ்சாலையை ஊரின் பகையாக மட்டும் பார்ப்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. வண்டி நின்று போன காலத்தில் சாலை ஊரை வளர்த்தது. நிற்காமல் போகத் தொடங்கியதும் கணக்கு மாறியது.

இந்தியச் சாலைகளை ஒரு திட்டத்துக்குள் கொண்டுவரும் முயற்சி ஜெயகர் குழுவோடு 1927-இல் தொடங்குகிறது. 1934-இல் இந்தியச் சாலைப் பேராயம் அமைந்தது. 1943-இல் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என வகுத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1946-இல் நெடுஞ்சாலைகளுக்கெனத் தனித் துறை ஏற்பட்டது. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-இல் வந்தது. நாட்டுக்கு இது தேவையான ஒழுங்கு. ஆனால் அந்த வகைப்பாடு சாலையை இரு முனைகளைக் கொண்டு பார்த்தது: எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே அதன் தகுதி. நடுவில் அது யார் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது என்பதற்கு வகைப்பாட்டில் இடம் இருக்கவில்லை.

எண்ணப்பட்டவையும் எண்ணப்படாதவையும்

ஒரு சாலையை அகலப்படுத்தலாமா என்று முடிவு செய்யப் பொறியாளர்கள் அதில் போகும் வண்டிகளை எண்ணுகிறார்கள். எல்லா வண்டியும் சமமில்லை என்பதால் ஒவ்வொன்றையும் கார் அளவாக மாற்றிக்கொள்கிறார்கள். ஊர்ப்புறச் சாலைகளுக்காக இந்தியச் சாலைப் பேராயம் 1990-இல் வெளியிட்ட வழிகாட்டியில் கார் 1. மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் 0.5, பேருந்தும் லாரியும் 3, டிரெய்லர் இழுக்கும் டிராக்டர் 4.5, மாட்டு வண்டி 8. மாட்டு வண்டிக்கு எட்டு மதிப்பெண் கிடைத்ததைக் கௌரவம் என்று எண்ணிவிடக் கூடாது. அது எட்டுக் கார்களின் வழியை அடைக்கிறது என்பதே பொருள். நடந்து போகிறவருக்கு அந்தப் பட்டியலில் எண்ணே இல்லை. சாலையோரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பட்டியலில் இல்லாதவரை எண்ணிப் பார்க்கும் முயற்சி மேல்நாடுகளில் 1960-களில் தொடங்கியது. பிரிட்டனில் காலின் புக்கானன் தலைமையில் 1963-இல் வெளியான அறிக்கை, கார்கள் பெருகினால் நகரங்கள் என்னவாகும் என்று கேட்டது. எந்தத் தெருவும் சூழல் கெடாமல் இவ்வளவு வண்டிகளைத்தான் தாங்கும் என்றொரு வரம்பு உண்டு என்பது அதன் வாதம். அமெரிக்காவில் டொனால்டு ஆப்பிள்யார்டு, சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றுபோல் அமைந்த மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் இருந்தவர்களுக்கு, வண்டி மிகுந்த தெருவில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்கு நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். ‘உங்கள் வீட்டு எல்லை எது’ என்று வரைபடத்தில் குறிக்கச் சொன்னபோது முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் தம்முடையதாக வளைத்தார்கள். மூன்றாம் தெருக்காரர்கள் தம் வாசலுக்குள் சுருங்கிக்கொண்டார்கள். இந்த ஆய்வை உள்ளடக்கிய அவருடைய நூல் 1981-இல் வெளிவந்தது.

அதே சான் பிரான்சிஸ்கோவில் கடலோரமாக எழுப்பப்பட்டிருந்த இரண்டடுக்கு விரைவுச்சாலை ஒன்று 1989 நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. அதைச் சீர்செய்யாமல் 1991-இல் இடித்துவிட்டு, தரைமட்டத்தில் மரங்களும் டிராமும் கொண்ட சாலை அமைத்தார்கள். சியோல் நகரில் ஓடையை மூடி மேலே எழுப்பியிருந்த மேம்பாலச் சாலை 2003-இல் அகற்றப்பட்டு, 2005-இல் சியோங்கியேசியோன் ஓடை மீண்டும் திறக்கப்பட்டது. சென்னை அதற்கு முந்தைய கட்டத்தில் இருந்தது: அண்ணா சாலையில் 1973-இல் திறந்த ஜெமினி மேம்பாலம் நகரின் பெருமையாக இருந்தது. கத்திப்பாரா மேம்பாலம் 2008-இல் வந்தது. மேம்பாலம் சந்திப்பில் நிற்கும் வண்டியின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அதன் அடியில் சாலையைக் கடப்பவரின் நேரத்தை யாரும் அளந்து சொல்வதில்லை.

புறவழி

ஊரை விட்டு விலகிச் செல்லும் புறவழிச்சாலை இந்தச் சிக்கலுக்கு எளிய விடையாகத் தோன்றும். தங்க நாற்கரத் திட்டம் நடந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பல ஊர்களுக்குப் புறவழி கிடைத்தது. ஊர் மூச்சுவிட்டது உண்மை. லாரிச் சத்தம் இல்லாத இரவு என்றால் என்ன என்பதைக் கடைவீதிக்காரர்கள் மறுபடி அறிந்தார்கள்.

ஆனால் புறவழி வெகுநாள் புறத்தே இருப்பதில்லை. சாலை வந்த மறு வருடமே மனைப்பிரிவுக் கொடிகள் நடப்படும். முதலில் பெட்ரோல் பங்க், அடுத்து உணவகம், திருமண மண்டபம், கல்லூரி. பத்து வருடத்தில் ஊர் சாலையைத் தேடி வந்து சேர்ந்துவிடும். சென்னையின் உள்வட்டச் சாலை ஒருகாலத்தில் நகரின் விளிம்பு. ‘நூறடிச் சாலை’ என்று மக்கள் அழைத்த அது இன்று வடபழனிக்கும் அசோக் நகருக்கும் நடுவீதி. பிறகு தாம்பரத்தையும் புழலையும் இணைக்கும் புறவழி, அதற்கப்பால் வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, அதற்கும் அப்பால் எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை எல்லைச் சாலை என்று வளையத்துக்கு மேல் வளையமாகப் போட வேண்டி வந்தது. ஒவ்வொரு வளையத்துக்கும் ஜல்லி வேண்டும். அந்த ஜல்லியைக் கொடுப்பவை சாலவாக்கத்தைப் போன்ற ஊர்கள்.

இப்படிச் சாலையோரம் அடைவதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001, சாலையோரத்தில் கட்டட எல்லைக் கோடும் கட்டுப்பாட்டுக் கோடும் வகுக்க இடம் தருகிறது. தேசிய நெடுஞ்சாலைகளின் நிலத்தையும் போக்குவரத்தையும் கட்டுப்படுத்த 2002-இல் மத்தியச் சட்டம் வந்தது. நெடுஞ்சாலையைத் தொட்டுக்கொண்டு வாசல் வைக்க அனுமதி வேண்டும். முக்கியச் சாலைக்கு இணையாக அணுகுசாலை போட்டு, உள்ளூர் வண்டிகளை அதில் திருப்பிவிடுவதே பொறியியல் காட்டும் வழி. ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்கள் இந்த அணுகுசாலைகளைப் பார்த்திருப்பார்கள்: ஒருபகுதி வாகன நிறுத்துமிடம், ஒருபகுதி கடை, ஒருபகுதி மழைநீர். எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிளும் அதில்தான். அந்த மோட்டார் சைக்கிள்காரரைத் திட்டுவது எளிது. சாலையின் நடுத்தடுப்பு அடுத்துத் திறக்கும் இடம் வெகுதூரம் தள்ளி இருக்கும்போது, எதிரே தெரியும் தன் வீட்டுக்கு அவர் வேறெப்படிப் போவார் என்பதையும் கேட்க வேண்டும்.

யாருடைய சாலை

ஒரு தெரு நெடுஞ்சாலையா, ஊர்ச் சாலையா என்ற கேள்வி நீதிமன்றத்தில் பெரிதாக எழுந்தது, விநோதமாக, மதுக்கடைகளால். தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்றது. 20,000 பேருக்கு மேற்படாத உள்ளாட்சிப் பகுதிகளுக்கு இது 2017 மார்ச் 31 அன்று 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அடுத்த நாள் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. உடனே பல மாநிலங்கள் ஊர்களுக்குள் செல்லும் நெடுஞ்சாலைகளை உள்ளூர்ச் சாலைகளாகப் பெயர் மாற்றும் வேலையில் இறங்கின. தமிழ்நாட்டிலும் அந்த முயற்சி நடந்து, உயர் நீதிமன்றம் வரை போனது. நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் தெளிவுபடுத்தியது.

அந்தச் சில மாதங்களில் ஓர் உண்மை வெளிப்பட்டது. அரசு நினைத்தால் ஒரு கையெழுத்தில் நெடுஞ்சாலை தெருவாகும். பள்ளி வாசலில் வேகத்தைக் குறைக்க வேண்டும், கடைவீதியில் நடைபாதை வேண்டும் என்று மக்கள் பல வருடமாகக் கேட்டபோது, ‘இது நெடுஞ்சாலைத் துறையின் சாலை, நாங்கள் தொட முடியாது’ என்பதே உள்ளாட்சிகளின் வழக்கமான பதில். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊர்ச் சாலைகள் ஊராட்சியின் பொறுப்பு. நெடுஞ்சாலைகள் அதற்கு வெளியே. குடவோலை எடுத்த உத்திரமேரூர் வட்டத்தில் இன்று கிராம சபை கூடி லாரிகள் பற்றித் தீர்மானம் போடலாம். அந்தத் தீர்மானம் போய்ச் சேருமிடம் வேறு.

சென்னையில் நிலைமை சற்றே மாறியது. நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் முதலிடம் தரும் கொள்கையை மாநகராட்சி 2014-இல் ஏற்றது. தியாகராய நகர் பாண்டி பசாரில் கார்கள் போகும் பகுதியைக் குறைத்து, நடைபாதையைப் பெரிதாக்கிய வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. வணிகம் படுத்துவிடும் என்று அஞ்சிய இடத்தில் மாலைக் கூட்டம் நிரம்பியது. அங்கே அது முடிந்ததற்கு ஒரு காரணம், சாலை மாநகராட்சியின் கையில் இருந்தது. தெருவோர வியாபாரிகள் பலர் அதற்கு முன்பே வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். நடக்க அழகான தெரு, நடைபாதையில் பிழைத்தவர்களுக்கும் இடம் தந்ததா என்பது தனிக் கேள்வி. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது.

வேகத்தடை

நகரத்தில் கொள்கையும் தீர்ப்பும் வரும்போது ஊர்ப்புறத்தில் வேறு விதமான தெரு வடிவமைப்பு நடக்கிறது. ஊருக்குள் விபத்து ஒன்று நேர்ந்தால் மக்கள் சாலையில் உட்காருவார்கள். அதிகாரிகள் வருவார்கள், பேச்சு நடக்கும். சில ஊர்களில் விடிவதற்குள் சாலையின் குறுக்கே ஒரு மேடு எழுந்திருக்கும். அதை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. குறுகலாகவும் உயரமாகவும் இருக்கும் அந்த மேட்டில் இருட்டில் வரும் மோட்டார் சைக்கிள்காரர் தூக்கி எறியப்படுவதும் உண்டு. கொஞ்ச நாளில் துறை அதைச் சுரண்டி எடுத்துவிடும்.

இந்தியச் சாலைப் பேராயம் 1988-இல் வகுத்த வேகத்தடைக்கு அளவு உண்டு: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு. கிளைச் சாலைகளுக்கு உரியது அது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் போடுவதற்கன்று. பொறியாளர் பார்வையில் இதில் நியாயம் இருக்கிறது. வேகமாக வரும் கனரக வண்டிக்குத் திடீர் மேடு ஆபத்து. ஆனால் வண்டியின் வேகத்தை ஊருக்கு வெளியே இருந்தே குறைக்க வேறு ஏற்பாடு எதுவும் செய்யாமல் மேட்டை மட்டும் விலக்கினால், ஊர்க்காரருக்கு மிஞ்சுவது இரவில் கொட்டும் அந்தத் தார் மட்டுமே.

அதே வழிகாட்டி 2018-இல் திருத்தி வெளியிடப்பட்டபோது அதன் தலைப்பு மாறியிருந்தது. முன்பு அது வேகத்தடைக்கான வழிகாட்டி. இப்போது நகர்ப்புற, ஊர்ப்புறச் சாலைகளில் போக்குவரத்தைத் தணிப்பதற்கான வழிகாட்டி. போக்குவரத்தைத் தணிக்கும் முறைகளில் மேடு ஒன்று மட்டுமே. ஊர் தொடங்கும் இடத்தில் சாலையைக் குறுக்கிக் காட்டலாம். நடுவில் திட்டு அமைக்கலாம். நடப்பவர் கடக்கும் இடத்தை நடைபாதை உயரத்துக்கு உயர்த்தலாம். தரையின் தன்மையை மாற்றி, இனி வருவது ஊர் என்று ஓட்டுநருக்கு உணர்த்தலாம். இவற்றுக்கு வேண்டிய கல்லும் மணலும் தொலைவிலிருந்து வரவேண்டியதில்லை. சாலவாக்கத்து வீட்டு வாசல்களைத் தாண்டி அவை தினமும் டிப்பர்களில் போய்க்கொண்டிருக்கின்றன.